பதினொரு படங்களும் ஓர் அளவுப் போத்தலும்

மூன்று வருடங்களாக நான் தியேட்டருக்குப் போகவில்லை. அந்த மூன்று வருடங்களில் வந்து போன படங்களில் பதினொன்றை, ஐப்பசிக் கடைசியிலிருந்து கார்த்திகை நடுப்பகுதி வரை, கழுத்தில் ஒரு குழாயோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்து பார்த்தேன். சரியாகச் சொன்னால் பத்தரை. நோய் எப்படி வந்தது, என்ன செய்தார்கள் என்று எழுதிவைத்தால் வயலில் இறங்குகிற நாலு பேருக்குப் பயன்படும் என்று என் மனைவி பூமணி சொல்கிறாள். படங்களைப் பற்றி எழுதுவது யாருக்கும் பயன்படாது. ஆனால் இரண்டும் ஒரே நாட்களில் நடந்தன. பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

நான் முப்பத்திரண்டு வருடம் குளங்களின் நீர்மட்டம் பதிகிற வேலை பார்த்தவன். ஓய்வுபெற்ற பிறகும் பதிகிற பழக்கம் போகவில்லை. மட்டக்களப்பு நாவற்குடாவில் எங்கள் வீட்டு அலுமாரியில் மழைக்கு ஒரு கொப்பி, வயலுக்கு ஒரு கொப்பி, படத்துக்கு ஒரு கொப்பி இருக்கின்றன. படக் கொப்பியில் திகதி, தியேட்டர், காட்சி, ஆசனம், ஆருடன், குறிப்பு என்று ஆறு கட்டங்கள். அதற்கு ஒரு விதியும் உண்டு. தியேட்டரில், முதல் எழுத்து விழுவதிலிருந்து கடைசி எழுத்து மறையும் வரை பார்த்த படம் மட்டுமே அதில் ஏறும். ஐந்து நிமிடம் பிந்திப் போனாலும் பதிவதில்லை. ‘ஆருடன்’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே பெயர்தான். அழகையா. பூமணியின் தம்பி, என் மச்சான். வாவியில் ஓடுகிற தோணிகளுக்கு எஞ்சின் திருத்துகிறவன்.

மூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை கடைசியாக இருவரும் போனோம். கதாநாயகனின் காலில் போட்ட சப்பாத்து திரையில் தெரிந்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் எழும்பி நின்று ஆடினார்கள். கடதாசித் துண்டுகள் மழையாய்க் கொட்டின. சப்பாத்துக்குப் பிறகு கை, கைக்குப் பிறகு கண்ணாடி, பிறகு முதுகு. அந்த ஆளின் முகத்தைக் காட்ட நாலு நிமிடம் எடுத்தார்கள். ஒரு மனிதன் அறைக்குள் வருவதைக்கூடச் சொல்லத் தெரியாதவர்களிடம் நான் என்ன கதை கேட்பது? இடைவேளையில் எழும்பி வந்துவிட்டேன். அழகையா இருந்து பார்த்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டில் நின்று, வாறிங்களா அத்தான் என்று கேட்பான். நான் எந்தப் படம் என்றுகூடக் கேட்பதில்லை.

இனி நோய்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு வட்டை வயல்வெளியில் எனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. மாரிப் போகத்துக்கு விதைக்க முன்னர் சுகாதாரப் பரிசோதகர் வட்டைக்கு வந்து, வயலில் இறங்குகிற எல்லோருக்கும் எலிக்காய்ச்சல் வராமலிருக்க வில்லைகள் கொடுத்தார். கிழமைக்கு இரண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு. நான் வாங்கினேன். வயல் கொப்பியில் நாள், நேரம், எத்தனை வில்லை என்று எல்லாம் எழுதினேன். வில்லைகளைக் கொப்பியின் பின்மட்டை உறைக்குள் செருகினேன். அதோடு என் மனதில் அந்த அலுவல் முடிந்துவிட்டது. வரம்பில் நின்று வேலை பார்க்கிறவனுக்கு எலி என்ன செய்யும் என்ற இளக்காரமும் உள்ளே இருந்திருக்க வேண்டும். வாய்க்கால் அடைத்த அன்று மட்டும் முழங்காலளவு தண்ணீரில் இறங்கினேன். காலில் ஒரு கீறல் இருந்தது. அதையும் பதிந்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் தொடங்கியது. புதன்கிழமை கெண்டைக்காலைத் தொட முடியாத வலி. வியாழன் காலை கண்ணாடியில் பார்த்தால் கண் இரண்டும் கள்ளுக் குடித்தவனின் கண் போலச் சிவந்திருந்தன. அன்று முழுவதும் ஒரு கரண்டியளவுதான் சிறுநீர் போனது. பூமணி ஓட்டோ பிடித்தாள்.

வெளிநோயாளர் பகுதியில் இரண்டே கால் மணி நேரம் மர வாங்கில் காத்திருந்தோம். எதிர்ச்சுவரில் எலிக்காய்ச்சல் பற்றிய விளம்பரம் ஒட்டியிருந்தது. அதில் இருந்த அறிகுறிகளை மேலிருந்து கீழே வாசித்தேன். ஒன்றும் விடுபடவில்லை. வார்டில் என்னைப் பார்த்தவர் ஏறாவூரைச் சேர்ந்த இளம் டொக்டர், முக்காடு போட்ட பிள்ளை. வயலில் இறங்கினேனா என்று கேட்டார். வில்லை கொடுத்தார்களா என்று கேட்டார்.

“ஓம், திகதியோட பதிஞ்சிரிக்கன்” என்றேன்.

“பதிஞ்சத நான் கேக்கல்ல ஐயா. விழுங்கினிங்களா?”

பூமணி என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தாள்.

எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி தேங்கின தண்ணீரில் உயிரோடு கிடக்கிறது. தோலில் ஒரு சின்ன வெடிப்புப் போதும், உள்ளே வந்துவிடும். சிலருக்குக் காய்ச்சலோடு போய்விடுகிறது. சிலருக்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கிறது. கிரியேற்றினின் என்று ஒரு பரிசோதனை. தசைகள் விடுகிற கழிவு அது. சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். எனக்குக் காலையில் எடுத்ததைவிட மாலையில் கூடியிருந்தது. பொட்டாசியமும் ஏறியிருந்தது. அது ஏறினால் இதயம் முன்னறிவிப்பில்லாமல் நின்றுவிடும் என்றார்கள். பார்க்க வந்த உறவுக்காரர் அத்தனை பேரும் இளநீரும் வாழைப்பழமுமாக வந்தார்கள். பொட்டாசியம் ஏறின ஆளுக்கு அவை இரண்டும் நஞ்சு. பூமணி வாசலிலேயே வாங்கி, பக்கத்துக் கட்டில்களுக்குக் கொடுத்தாள்.

சனிக்கிழமை கழுத்தின் வலப்பக்கத்தில் விறைக்க ஊசி போட்டு, பெரிய நரம்புக்குள் குழாய் இறக்கினார்கள். அதன் வழியாக இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திரும்ப உள்ளே விடுவார்கள். நாலு மணி நேரம். எல்லோரும் அதை மிஷினில் போடுவது என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சனியும் ஞாயிறும் எனக்குச் சரியாக நினைவில்லை. என் வாழ்க்கையில் பதியாத இரண்டு நாட்கள். கண் திறந்திருந்ததாகவும், கூப்பிட்டால் ஒன்றும் சொல்லாமல் கிடந்ததாகவும் பூமணி பிறகு சொன்னாள்.

திங்கட்கிழமை தெளிந்தேன். டொக்டர் கட்டிலருகே வந்து ஒளிக்காமல் சொன்னார். இந்த நோயில் சிறுநீரகம் வழமையாக இரண்டு மூன்று கிழமைக்குள் திரும்பிவிடும். சிலருக்குத் திரும்புவதில்லை. திரும்பாவிட்டால் கிழமைக்கு மூன்று நாள் மிஷின், காலம் முழுவதும். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கட்டிலுக்குக் கீழே இருந்த அளவுப் போத்தலைக் காட்டினார். இருபத்துநாலு மணி நேரத்தில் எவ்வளவு போகிறதோ அதைப் பதிய வேண்டும். அது கூடினால் நல்ல செய்தி. அந்த வேலையைத் தாதியிடமிருந்து நானே வாங்கிக்கொண்டேன். செவ்வாய் நாற்பது மில்லி. புதன் முப்பது. வியாழன் முப்பத்தைந்து. குளத்தில் நீர்மட்டம் குறையும்போது பதிந்த கை. ஆனால் எந்தக் குளத்தையும் நான் இரண்டு தரம் அளந்து பார்த்ததில்லை.

போகிற அளவுக்குத்தான் குடிக்கலாம். முதல்நாள் போனதோடு அரை லீற்றர், சோற்றுக் குழம்பையும் சேர்த்து. பூமணி தண்ணீர்ப் போத்தலின் மூடியால் அளந்து தருவாள். தாகம் என்றால் என்ன என்பதை அறுபத்திரண்டு வயதில் படித்தேன். பூமணி என் முன்னால் தண்ணீர் குடிப்பதை அன்றோடு நிறுத்திவிட்டாள். குடிக்க வேண்டுமென்றால் எழும்பி வெளியே போய்விடுவாள். கேட்டால், கால் விறைக்குது, நடந்துபோட்டு வாறன் என்பாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது முறை மிஷினில் போட்டபோது அழகையா வந்தான். தன் மகளின் படிப்புக்கு வாங்கிய டெப், சிலேட்டளவுத் திரை, கையில். நான் தியேட்டரில் தவறவிட்டவற்றில் பதினொரு படம் அதில் இருக்கிறது என்றான். வேண்டாம் என்றேன். அவன் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் திறந்தான். கழுத்துக் குழாயால் எனக்குத் தலையைத் திருப்ப முடியாது. ஒரு கையில் சேலைன் ஊசி, மற்றக் கையில் பிறஷர் பார்க்கிற பட்டி. ஆகவே அவன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, இரண்டு கையாலும் டெப்பை என் முகத்துக்கு நேரே பிடித்தான். நாலு மணி நேரமும்.

முதல் படம் பெருங்குப்பை. கதாநாயகனுக்குப் பழைய வாழ்க்கை ஒன்று இருந்தது என்பதை ஒன்றரை மணி நேரம் மறைத்து வைத்திருந்தார்கள். அவன் கத்தியைத் துடைக்கிற முதல் நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்த இரகசியம் அது. இரண்டாவதில் வில்லனின் ஆட்கள் நாற்பது பேர், முறை வைத்து ஒவ்வொருவராக வந்து அடிவாங்கினார்கள். அரசாங்கக் கச்சேரியில்கூட நம் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நிற்பதில்லை. மூன்றாவதில் கதாநாயகி நாலு இடத்தில் வந்தாள், அதில் மூன்று பாட்டு. நாலாவதில் துப்பாக்கியால் நாலு வெடிபட்டவன் சேலைனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆஸ்பத்திரி யன்னலால் குதித்தான். ஒரு துளி இரத்தம் வரவில்லை. அதே நேரம் என் கையில் ஊசி சற்று விலகியதற்கே தாதி இரண்டு பஞ்சு மாற்றினார்.

நான் சும்மா பார்க்கவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் சத்தமாகவே திட்டினேன். பக்கத்து மிஷினில் ஓட்டமாவடி காசிம் காக்கா இருந்தார், புடவை வியாபாரி; காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். ஆறு வருடமாக மிஷினோடு வாழ்கிறவர். என் திட்டைக் கேட்பதற்காக அவர் தன் செவ்வாய், வியாழன், சனியையெல்லாம் ஆவலோடு எதிர்பார்ப்பதாகச் சொன்னார். ஐந்தாவது படத்தில் எங்கள் நாட்டுத் தமிழன் ஒருவன் வந்தான். அவன் பேசிய தமிழ் யாழ்ப்பாணத்திலும் இல்லை, மட்டக்களப்பிலும் இல்லை, சென்னையில் ஓர் அறைக்குள் இருந்து செய்த தமிழ். காசிம் காக்கா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இவர் எந்த ஊர்? நான் பாக்காத ஊர் ஒண்டு இலங்கையில இரிக்கா?” என்று தாதியிடம் கேட்டார்.

ஏழாவது படம் முடியவே இல்லை. இரண்டே முக்கால் மணி நேரம் ஆட்களைக் கொன்றுவிட்டு, கதவு திறக்கிற இடத்தில் நிறுத்தி, மீதி இரண்டாம் பாகத்தில் என்று எழுத்துப் போட்டார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. அன்று காலைப் போத்தலில் நாற்பத்தைந்து மில்லி. இரண்டு கிழமை முடிகிற நாள்.

“இரண்டாம் பாகம் எப்ப வருமாம்?” என்று கேட்டேன்.

“ரெண்டு வருஷம் ஆகும் அத்தான்.”

“அதுவரைக்கும் நான் இரிப்பனா எண்டு இவனுகள் ஆரிட்டயாவது கேட்டானுகளா?”

அழகையா டெப்பைக் கீழே இறக்கினான். காசிம் காக்காதான் தன் கட்டிலிலிருந்து சொன்னார்: “இரண்டாம் பாகத்துக்கு இந்தக் கட்டில் உங்களுக்கு இரிக்கும் அண்ணன். நானும் இரிப்பன். நீங்க பேசுங்க, நான் கேக்கிறன்.” அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அவருடைய கையில் நரம்புகள் தடித்து, கயிறு சுற்றினதுபோல் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நான் படுத்திருந்தேன்.

எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது. சொல்லிப் பயனில்லை. பத்தாவதில் கதாநாயகன் பாலைவனத்தில் தாகத்தால் ஊர்ந்தான். உதடு வெடிக்கவில்லை. நாக்கு ஒட்டவில்லை. தாகத்துக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும் என்பதை எந்தச் சிறுநீரக நோயாளியிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். ஒருவனும் கேட்கவில்லை.

மூன்றாவது கிழமை வியாழக்கிழமை. முதல்நாள் கணக்கு ஐம்பது மில்லி. காலையில் டொக்டர், அடுத்த கிழமை கையில் நிரந்தரமாக நரம்பு இணைக்கிற சிறு சத்திரசிகிச்சை பற்றிப் பேச வேண்டும் என்றார். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். காசிம் காக்காவின் கையில் பார்த்திருக்கிறேன். பூமணி தலையாட்டிவிட்டு நடந்துபோட்டு வரப் போனாள்.

மிஷின் ஓடத் தொடங்கியது. அழகையா பதினோராவது படத்தைத் திறந்தான். என் கோபம் முழுவதையும் அவன்மேல் போட்டேன். உனக்கு ரசனை எங்கே போனது, மூன்று வருடத்தில் நல்ல படம் ஒன்றும் வரவில்லையா, இருந்து இருந்து இந்தப் பதினொன்றையும் எந்தக் குப்பைமேட்டில் பொறுக்கினாய் என்று கேட்டேன்.

அவன் டெப்பை இறக்காமல், அதன் பின்னால் இருந்து சொன்னான்.

“நல்ல படமும் வந்த அத்தான். நாலஞ்சு இரிக்கி. நல்லதப் போட்டா நீங்க வாய் துறக்காமப் பாப்பிங்க. அந்தச் சனியும் ஞாயிறும் நீங்க வாய் துறக்காமக் கிடந்தத நான் பாத்தன். மறுகா எனக்கு அதப் பாக்க ஏலா. நீங்க பேசுங்க.”

அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. டெப்பின் முகம் என் பக்கம் இருந்தது. இத்தனை நாளும் அவன் பார்த்துக்கொண்டிருந்தது படத்தை அல்ல. அவன் கைகளைப் பார்த்தேன். எஞ்சின் தூக்குகிற கை. மணிக்கட்டில் நரம்பு புடைத்து, டெப்பின் விளிம்பு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. படங்களில் எல்லாப் பிழையும் கண்டுபிடித்த நான், படம் ஏன் ஆடுகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

பேசாமல் இருந்தால் அவன் பயப்படுவான். ஆகவே பேசினேன். படமும் அதற்கு இடம் தந்தது. கதாநாயகன் விவசாயிகளைக் காப்பாற்ற வெளிநாட்டிலிருந்து வந்த பணக்காரன். வயலில் இறங்குகிறான், வேட்டி வெள்ளையாகவே இருக்கிறது. நாற்றுக் கட்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்குகிறான். சேற்றை எடுத்து நெற்றியில் பூசுகிறான். “பூசு, நல்லாப் பூசு, எலி மூத்திரம்” என்றேன். காசிம் காக்கா சிரித்ததில் அவருடைய மிஷின் கத்தியது. தாதி ஓடிவந்து அவரைச் சிரிக்கவேண்டாம் என்றார்.

கடைசிக் கட்டம். நீதிமன்றம். கதாநாயகன் கூண்டில் நின்று நாட்டு விவசாயிகள் எல்லோருக்குமாகப் பேசத் தொடங்கினான். அடிவயிற்றில் ஒரு கனம். குழப்பத்தில் அதை முதலில் பசி என்று நினைத்தேன். பிறகுதான் பிடிபட்டது. மூன்று கிழமையாக எனக்கு இல்லாமல் போயிருந்த ஓர் உணர்வு அது.

“மச்சான், நிப்பாட்டு. போத்தல எடு.”

அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் டெப்பைக் கட்டிலில் குப்புறப் போட்டுவிட்டு குனிந்தான். நிறுத்த மறந்துவிட்டான். தாதி மறைப்பை இழுத்தார். என் காலுக்கருகே, மெத்தைக்குள் முகம் புதைத்தபடி கதாநாயகன் மண், தண்ணீர், தாய் என்று முழங்கிக்கொண்டிருந்தான். நானும் நிறுத்தவில்லை. கண்ணீர் வந்தது என்று எழுதமாட்டேன், அப்படி எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. அழகையா போத்தலை யன்னல் வெளிச்சத்தில் கண்மட்டத்துக்குப் பிடித்து, நீர்மட்டம் பார்ப்பதற்கு நான் எப்போதோ சொல்லிக்கொடுத்தபடி, மேற்பரப்பு வளைந்து நிற்கிற அடிக்கோட்டைப் பார்த்து வாசித்தான். இந்தமுறை அவன் கை ஆடவில்லை.

மறுநாள் போத்தலில் அறுநூறு. அதற்கடுத்த நாள் ஒன்றரை லீற்றர். பிறகு குடிக்கிறதைவிடக் கூடப் போனது. திரும்பி வருகிற சிறுநீரகம் முதலில் அப்படித்தான் கட்டுப்பாடில்லாமல் விடும் என்றார் டொக்டர். குடியுங்கள், குடியுங்கள் என்றார். பூமணி ஒரு முழுக் கோப்பைத் தண்ணீரை என் கையில் தந்துவிட்டு, என் முன்னாலேயே தானும் ஒன்று குடித்தாள். கையில் செய்யவிருந்த சத்திரசிகிச்சையை விட்டுவிட்டார்கள். கழுத்துக் குழாயை எடுத்து, ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, பிளாஸ்டர் ஒட்டினார்கள். வீட்டுக்குப் போகிற நாளில் காசிம் காக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் மிஷினில் இருந்தார். இனி தனக்கு யார் படம் காட்டுவது என்று கேட்டார். சனிக்கிழமைகளில் அழகையா வருவான், நானும் வருவேன் என்றேன். சொன்னபடி இதுவரை நாலு சனி போயிருக்கிறோம். இப்போது டெப்பை நான் பிடிக்கிறேன்.

வில்லைகள் இன்னும் வயல் கொப்பியின் உறைக்குள் இருந்தன. அவற்றை வீசிவிட்டுப் புதிதாக வாங்கியிருக்கிறோம். அடுத்த விதைப்புக்குப் பூமணி முன்னால் விழுங்கிவிட்டுத்தான் பதிவேன்.

என் விதிப்படி அந்தப் பதினொரு படத்தில் ஒன்றுகூடக் கொப்பியில் ஏறத் தகுதியில்லை. பத்தை நான் பதியவுமில்லை. பதினோராவதின் முடிவை இன்னும் பார்க்கவில்லை. அந்த நீதிமன்றத்தில் என்ன தீர்ப்பு என்று அழகையா இரண்டு தரம் சொல்ல வந்தான், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் படக் கொப்பியை எடுத்து, மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு வரி எழுதினேன். தியேட்டர்: மிஷின் அறை. காட்சி: வியாழன் காலை. ஆசனம்: யன்னலோரக் கட்டில். ஆருடன்: அழகையா. குறிப்பு: படம் படுமோசம், முடிவு பார்க்கவில்லை, இருநூற்று இருபது மில்லி.